காங்கிரீட்டை நம்பி கட்டின பெட்டகமும், கடைசில காப்பாத்தின தண்ணியும்

நான் பொழப்புக்கு பில்டிங் சைட்ல சூப்பர்வைசர். பகல் முழுக்க எம்25, ஸ்லம்ப், கியூப் டெஸ்ட்னு காங்கிரீட் தரத்துக்காகக் கத்திட்டு ராத்திரி வீட்டுக்கு வந்து மைன்கிராஃப்ட்லயும், அதாவது சதுரக் கட்டி கட்டியா பிளாக் அடுக்கி ஆடற கம்ப்யூட்டர் கேம், அதுலயும் கட்டடம்தான் கட்றேன், வீட்ல எல்லாரும் சிரிக்கிறாங்க. அக்கா பொண்ணு எட்டாவது படிக்கிறா, அவளும் நானும் ஒரே வேர்ல்ட், ஜாவா எடிஷன் (கம்ப்யூட்டர்ல ஆடறது), சர்வைவல் (எல்லாத்தையும் நாமளே தேடிச் சேர்த்து உயிர் பொழைக்கணும்), ஹார்ட் மோட். இங்க நான் சொல்ற நம்பர் எல்லாம் ஜாவாவுக்குத்தான், மொபைல்ல ஆடுறவங்க இதை அப்படியே எடுத்துக்காதீங்க.

எங்ககிட்ட வைரம், அன்சியன்ட் டெப்ரிங்கற அபூர்வ தாது, என்சான்ட் பண்ண (மந்திர சக்தி ஏத்தின) புக்னு நிறைய சேர்ந்துபோச்சு, எல்லாத்தையும் வெக்க ஒரு பெட்டகம் வேணும்னு ஆரம்பிச்சதுதான் இந்த வேலை. உள்ள 5க்கு 5, உயரம் 4, சுத்தி ஒரே ஒரு லேயர் சுவர். வெளி அளவு 7க்கு 7க்கு 6, மொத்தம் 294ல உள்ள காலி 100 போக 194 பிளாக், கதவுக்கு ரெண்டு கழிச்சா 192. சிவில் ஆளு வேற எதுல கட்டுவான், காங்கிரீட்தான். 4 மணல், 4 கிராவல், 1 டை போட்டா 8 காங்கிரீட் பவுடர் வரும், அப்போ 24 தடவை, 96 மணல், 96 கிராவல். பவுடரை வெச்சு தண்ணி பட்டா உடனே செட் ஆயிடும், 21 நாள் க்யூரிங் எல்லாம் கிடையாது, அந்த ஒரு விஷயத்துக்காகவே எனக்கு இந்த பிளாக் ரொம்ப புடிக்கும். வெள்ளை கலர்ல கட்டி முடிச்சு தூரத்துல நின்னு பாத்தப்போ ஏதோ பேங்க் லாக்கர் மாதிரி இருந்துச்சு.

நாலு நாள் நின்னுச்சு.

அஞ்சாவது நாள் ராத்திரி கதவைத் திறக்கப் போறேன், முதுகுக்குப் பின்னாடி ஸ்ஸ்ஸ்னு சத்தம். கிரீப்பர், அதாவது கிட்ட வந்து தானே வெடிக்கிற பிராணி, சத்தம் போட ஆரம்பிச்சா ஒன்றரை செகண்ட்தான், திரும்பிப் பாக்கவே அது பத்தாது. நான் செத்து எழுந்து ஓடி வந்து பாத்தா முன் சுவர் ஒரு வண்டி நுழையற அளவுக்கு ஓட்டை, உள்ள கதவை ஒட்டி வெச்சிருந்த ரெண்டு பெட்டி இல்ல, சாமான் பாதி தரைல கிடக்கு. கிரீப்பர் உடைக்கிற பிளாக்ல மூணுல ஒண்ணுதான் திரும்ப கைக்கு வரும், அதனால காங்கிரீட்டும் போச்சு.

அக்கா பொண்ணு வந்து பாத்துட்டு கொஞ்சமும் பதட்டமில்லாம சொல்றா, "மாமா, மரப்பலகைல கட்டிருந்தா இவ்ளோ போயிருக்காது."

"ஏய், காங்கிரீட்டை விட பலகை ஸ்ட்ராங்கா? யார்கிட்ட சொல்ற?"

"கேம்ல அப்படித்தான் மாமா. வேணா வெச்சுப் பாருங்க."

சரி, இதைச் சும்மா விடக் கூடாதுன்னு ஒரு க்ரியேட்டிவ் வேர்ல்ட் (எல்லாப் பொருளும் இலவசமா கிடைக்கிற மோட்), சமதளமா சூப்பர்ஃப்ளாட்ல திறந்தேன். சைட்ல காங்கிரீட் கட்டியை அமுக்கி உடைச்சுப் பாக்கற கியூப் டெஸ்ட் மாதிரியே. ஒவ்வொரு பொருள்லயும் 5க்கு 5 சுவர், தடிமன் மூணு லேயர், நடுவுல ஒட்டி ஒரு டிஎன்டி, பத்த வெச்சா சரியா 4 செகண்ட்ல வெடிக்கும். ஒவ்வொண்ணுக்கும் அஞ்சு தடவை, ஒவ்வொரு தடவையும் சுவரைப் புதுசா கட்டி. நோட்டுல எழுதறதுக்கு அக்கா பொண்ணு உக்காந்தா, ஹோம்வொர்க் நோட்டோட பின்பக்கம்தான்.

மண்ணு, மணல், கண்ணாடி எல்லாம் பேச்சே இல்ல, மூணு லேயரும் ஊதித் தள்ளிடுச்சு. பலகைல முதல் லேயர் போச்சு, ரெண்டாவது நின்னுச்சு. அப்புறம் என் காங்கிரீட். அஞ்சு தடவையும் ரெண்டு லேயர் போச்சு! அவ நோட்டுல எழுதாம என்னையே பாத்துட்டு இருக்கா. ஒண்ணும் சொல்லல, ஆனா அந்தப் பார்வை போதும்.

காபிள்ஸ்டோன், அதாவது கேம்ல முதல் அரை மணி நேரத்துலயே வேண்டாம் வேண்டாம்னாலும் பெட்டி பெட்டியா சேர்ற அந்தச் சாதாரண கல்லு, முதல் லேயர் மட்டும்தான் போச்சு. செங்கல், ஸ்டோன் பிரிக், டீப்ஸ்லேட் எல்லாம் அதே கதை. இரும்பு பிளாக் வெச்சேன், அதுவும் அதே. பேராசைல வைர பிளாக் வெச்சேன், ஒரு பிளாக்குக்கு 9 வைரம், அதுவும் காபிள் மாதிரியே முதல் லேயர் போச்சு. ஆப்சிடியன், அதாவது லாவா மேல தண்ணி பட்டு உருவாகற கருங்கல்லு, அதுல ஒரு கீறல் இல்ல.

ஏன் இப்படின்னு உக்காந்து பாத்தா கணக்கு ரொம்ப நேர்மையா இருக்கு. ஒவ்வொரு பிளாக்குக்கும் வெடி எதிர்ப்புன்னு ஒரு நம்பர் உண்டு. கண்ணாடி 0.3, மண்ணு 0.5, சாண்ட்ஸ்டோன் 0.8, காங்கிரீட் 1.8, பலகை 3, டெரகோட்டா 4.2, காபிளும் இரும்பும் வைரமும் 6, எண்ட் ஸ்டோன் 9, எண்டர் செஸ்ட் 600, ஆப்சிடியன், ஆன்வில், நெதரைட் பிளாக் எல்லாம் 1200, பெட்ராக் 36 லட்சம். காங்கிரீட்டுக்கு 1.8 கொடுத்தவரை ஒரு நாள் எங்க சைட்டுக்குக் கூட்டிட்டு வந்து டெமாலிஷன் பிரேக்கரைக் கைல கொடுக்கணும். கேம்ல காங்கிரீட்னா பெயின்ட் அடிச்ச அழகுப் பொருள், அவ்வளவுதான்.

வெடிக்கிற பக்கமும் நம்பர் உண்டு. டிஎன்டி 4, கிரீப்பர் 3, மின்னல் அடிச்ச கிரீப்பர் 6, நெதர்ல (கேம்ல இருக்கிற நரகம் மாதிரி உலகம்) கட்டில்ல படுத்தா 5, அங்க பறக்கிற காஸ்ட்ங்கற பிராணி துப்புற நெருப்புருண்டை வெறும் 1. வெடிக்கும்போது நடுவுலருந்து நாலா பக்கமும் 1352 கதிர் கிளம்பும். ஒவ்வொரு கதிருக்கும் அந்த பவரை 0.7லருந்து 1.3 வரைக்கும் ஏதோ ஒரு நம்பரால பெருக்கி ஒரு பலம் குடுக்குது, அதனால டிஎன்டி கதிர் ஒண்ணுக்கு அதிகபட்சம் 5.2. கதிர் 0.3 பிளாக் தூரம் தூரமா அடி எடுத்து வெக்கும், காத்துல போனாக்கூட ஒவ்வொரு அடிக்கும் 0.225 குறையும், பிளாக்குக்குள்ள போனா அந்த எதிர்ப்போட 0.3 கூட்டி, அதை 0.3ஆல பெருக்கினா எவ்வளவோ அதுவும் குறையும். குறைச்ச பிறகும் மிச்சம் இருந்தா அந்த பிளாக் காலி.

இப்போ காபிளுக்குப் போட்டுப் பாருங்க. 6.3ஐ 0.3ஆல பெருக்கினா 1.89. ஒரு பிளாக் தடிமனைத் தாண்ட குறைஞ்சது மூணு அடி, அப்போ 5.67. டிஎன்டிகிட்ட மொத்தமே 5.2தான். முதல் பிளாக்கை உடைக்கும், ஆனா அதைத் தாண்டி வெளிய வர தெம்பு இருக்காது. மின்னல் கிரீப்பருக்கு அதிகபட்சம் 7.8, அதுவும் காத்துல போற கழிவையும் சேர்த்தா ரெண்டாவது லேயர்ல செத்துடும். அதாவது ஒரே ஒரு வெடிக்கு ரெண்டு லேயர் காபிள் போதும், ஆப்சிடியன் எதுக்கு. காஸ்ட் உருண்டை 1.3தான், ஒரு லேயர் காபிளையே ஒண்ணும் பண்ண முடியாது, நெதர்ல எல்லாரும் ஏன் காபிள்ல வீடு கட்றாங்கன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

ஆனா அது ஒரு வெடிக்குத்தான். ரெண்டாவது வெடி முதல் ஓட்டைக்குள்ள வந்து வெடிச்சா ரெண்டாவது லேயர் போச்சு, மூணாவது வந்தா மூணாவது. கல்லை அடுக்கிட்டே போறது முடியாத கதை. ஒட்டி வெச்ச டிஎன்டிக்கு ஒரு பிளாக் அசையவே கூடாதுன்னா எதிர்ப்பு 17ஐத் தாண்டி இருக்கணும், கைல சுலபமா கிடைக்கிற கல்லு எதுவும் அந்தப் பக்கமே வராது. இங்கதான் அக்கா பொண்ணு நோட்டைத் திருப்பிக் காட்டினா, ஓரத்துல சின்னதா எழுதிருக்கா: தண்ணி 100.

தண்ணி! ஆறு மாசமா நான் ஆப்சிடியன் ஆப்சிடியன்னு அலையறேன், பக்கத்துலயே ஆறு ஓடுது. 100.3ஐ 0.3ஆல பெருக்கினா 30க்கு மேல, எந்த டிஎன்டி கதிரும் ஒரு அடி கூட தாண்டாது. ஓடற தண்ணி, நிக்கிற தண்ணி ரெண்டுக்கும் அதே 100. இதைவிட பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, ஸ்லாப், படி, கிரில், பெட்டி மாதிரி பிளாக்குக்குள்ள தண்ணி ஊத்தி வெச்சா, கேம் அந்தப் பொருளோட நம்பரையும் தண்ணியோட நம்பரையும் பாத்து எது பெருசோ அதை எடுத்துக்கும். அதாவது தண்ணி ஊத்தின காபிள் ஸ்லாப் 100. தண்ணிக்குள்ள இருக்கிற மரப்பெட்டி, சும்மா இருந்தா 2.5, அது 100. நம்பாம தண்ணிக்குள்ள ஒரு பெட்டி வெச்சு மேலயே டிஎன்டி போட்டேன், பக்கத்துல நீந்திட்டு இருந்த மீன் செத்துச்சு, பெட்டி அப்படியே இருக்கு. தண்ணி பிளாக்கைத்தான் காப்பாத்தும், உயிருக்கு அடி விழும், ஞாபகம் வெச்சுக்கோங்க.

சரி, சர்வைவலுக்கு வந்து புது டிசைன். உள் ரூம் அதே 5க்கு 5. அதைச் சுத்தி காபிள் சுவர், அதைச் சுத்தி ஒரு பிளாக் இடைவெளி, அதுக்கு வெளிய இன்னொரு காபிள் சுவர். இடைவெளில தண்ணி. தரைக்கு மட்டும் ஆப்சிடியன், ஏன்னா அடில தண்ணியை நிறுத்தி மேல ரூம் கட்றது தலைவலி, அதோட படுக்கைவாட்டுல ஆப்சிடியன் வார்க்கறது ரொம்ப சுலபம்.

9க்கு 9 தரை, 81 ஆப்சிடியன். வெட்டி எடுத்து வெக்கணும்னா சாதா வைர பிக்காக்ஸுக்கு ஒரு பிளாக் 9.4 செகண்ட், அதுக்கு முதல்ல எங்கயாவது ஆப்சிடியன் இருக்கணும். நான் அதைப் பண்ணல. ஒரு பிளாக் ஆழத்துல 9க்கு 9 பள்ளம் தோண்டி, நெதர் லாவா கடல்லருந்து பக்கெட் பக்கெட்டா லாவா கொண்டு வந்து ஒவ்வொரு கட்டத்துலயும் ஊத்தினேன். நிறைஞ்ச பக்கெட் ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காது, ஒரு பக்கெட்டுக்கு பைல ஒரு இடம், சாப்பாடு ஆயுதம் போக 33 இடம், 33 பக்கெட்டுக்கு 99 இரும்பு. மூணு நடை. ஒரு கட்டம் விடாம எல்லாமே ஊத்தின லாவாவா இருக்கணும், பக்கத்துலருந்து வழிஞ்சு வந்த லாவாவா இருந்தா தண்ணி பட்டதும் ஆப்சிடியன் ஆகாது, காபிள் ஆயிடும். அப்புறம் மேல தண்ணி ஊத்தணும், சமதளத்துல தண்ணி ஏழு பிளாக் தூரம்தான் ஓடும், நடுவுல ஒரு பக்கெட் ஊத்தினா 9க்கு 9ல மூலைக்குப் போகாது, அதனால எதிரெதிர் ரெண்டு இடத்துல ஊத்தினேன். சர்ர்ர்னு சத்தம் போட்டு கருப்பா மாறிட்டே போறதைப் பாக்கறது, சைட்ல ஸ்லாப் காங்கிரீட் போட்டு முடிச்ச அன்னிக்கு சாயங்காலம் மாதிரி ஒரு நிம்மதி.

நடுவுல ஒரு கூத்து. ரெண்டாவது நடைல பள்ளத்து ஓரமா நான் போட்டிருந்த மரக்கொட்டாயை மறந்துட்டேன். லாவா பக்கத்துல மரம் இருந்தா அது தொடாமலே தீ புடிக்கும். நெதர்லருந்து திரும்பி வந்தா கொட்டாய் இல்ல, உள்ள வெச்சிருந்த ஏழு டிஎன்டியும் இல்ல, அது இருந்த இடத்துல ஒரு குழி. தீ டிஎன்டியையும் பத்த வெச்சிருக்கு. பள்ளத்தோட ஒரு பக்கம் சரிஞ்சு லாவா வெளிய வழிஞ்சு கிடக்கு. அதைச் சரி பண்ணவே ஒரு ராத்திரி போச்சு, அக்கா பொண்ணு "மாமா, சேஃப்டி ஆபீஸர் யாரு இங்க"ன்னு கேட்டா.

சுவர் இடைவெளிக்கு தண்ணி நிரப்பறது நான் பயந்த அளவுக்கு இல்ல. மொத்த இடைவெளியையும் பக்கெட்டால நிரப்ப வேண்டாம், உச்சில சுத்தி 32 கட்டம், அதுல மட்டும் ஊத்தினா போதும், கீழ தானா விழுந்து நிரம்பும். கீழ எங்க உடைஞ்சாலும் மேல இருக்கிற தண்ணி திரும்பவும் விழுந்துட்டே இருக்கும், நம்ம வீட்டு ஓவர்ஹெட் டேங்க் மாதிரி. கூரை நடுவுல 49 கட்டம், அங்க வெறும் தண்ணி வெச்சா மேலருந்து யாராவது மணலைப் போட்டா தண்ணி இருந்த இடத்தை மணல் புடிச்சுக்கும், அதுக்கு எதிர்ப்பு 0.5, அப்புறம் கதை முடிஞ்சுது. அதனால கூரைல காபிள் ஸ்லாப் போட்டு ஒவ்வொண்ணுக்குள்ளயும் தண்ணி ஊத்தினேன், ஸ்லாப் இருக்கிற இடத்துல மணல் இறங்க முடியாது. அதுக்கு மேல இன்னொரு லேயர் காபிள்.

வழிதான் ரொம்ப படுத்திடுச்சு. இரும்புக் கதவுக்கு எதிர்ப்பு 5தான், அதுக்குள்ள தண்ணியும் ஊத்த முடியாது. இரும்பு டிராப்டோர்ல (படுக்கைவாட்டுல மூடற சின்னக் கதவு) ஊத்தலாம், அதனால கூரை மூலைல ஒரு டிராப்டோர், தண்ணி ஊத்தினது, கீழ்ப்பக்கமா மூடற மாதிரி. மூடியிருக்கிற வரைக்கும் தண்ணி இறங்கல. பக்கத்துல ஒரே ஒரு ஆப்சிடியன், அது மேல ஒரு மர பட்டன், அடில ஒரு மர பட்டன், அமுக்கினா ஒன்றரை செகண்ட் திறக்கும். திறந்தேன், தண்ணி கொடகொடன்னு ரூமுக்குள்ள, தரை முழுக்க வெள்ளம், சுவர்ல இருந்த டார்ச் எல்லாம் புடுங்கிட்டுப் போச்சு. சுத்தி தடுப்புச் சுவர் கட்டலாமா, கீழ வடிகால் விடலாமான்னு நான் பேப்பர்ல கோடு போட்டுட்டு இருக்கேன், இவ வந்து டிராப்டோருக்கு நேர் கீழ ஒரு ஏணியை ஒட்ட வெச்சா. தண்ணி நின்னுடுச்சு. ஓடற தண்ணி ஏணி இருக்கிற கட்டத்துக்குள்ள வராதாம். இருபது வருஷ சர்வீஸ், ஒரு ஏணில போச்சு.

கடைசியா டெஸ்ட். எங்ககிட்ட மிச்சம் 11 டிஎன்டி இருந்துச்சு (5 கன்பவுடர், 4 மணலுக்கு ஒண்ணுதான் வரும், இதுக்காக எத்தனை கிரீப்பரை வெட்டினோம்). வடக்குச் சுவர்ல எட்டு, கூரைல பட்டன் பக்கம் மூணு. அவ உள்ளயே இருந்து பாக்கறேன்னு அடம், சரி செத்தா பெட்டி பக்கத்துலயேதானே எழுந்திருப்ப, இருந்துக்கோன்னு விட்டேன்.

பத்த வெச்சேன். முதல் வெடில வெளிச் சுவர்ல பெரிய ஓட்டை, எதிர்பாத்ததுதான். அடுத்து நடந்ததை நான் யோசிக்கவே இல்ல: ஓட்டை விழுந்ததும் உள்ள இருந்த தண்ணி வெளிய வழிஞ்சு வந்து, இன்னும் வெடிக்காம துடிச்சிட்டு இருந்த மத்த டிஎன்டியைச் சூழ்ந்துகிச்சு. தண்ணிக்குள்ள இருக்கிற டிஎன்டி வெடிச்சா ஒரு பிளாக்கும் போகாது. டம் டம்னு சத்தம்தான், எட்டுல முதல் ரெண்டு மூணுதான் கல்லைப் பேத்துச்சு, மீதி எல்லாம் வெறும் சத்தம். உள் சுவர்ல ஒரு பிளாக் கூட குறையல. சுவரே தன்னைத்தானே அணைச்சுக்குது.

கூரைல வெளித்தோல் போச்சு, ஸ்லாப் அத்தனையும் அப்படியே, டிராப்டோர் அப்படியே, ஆப்சிடியன் அப்படியே. மேல் பட்டன் மட்டும் காணோம். டிராப்டோர் மேல நின்னு நான் தட்டிட்டு இருக்கேன், திறக்க வழியில்ல.

"பாப்பா, உள்ளருந்து அமுக்கு."

"பாஸ்வேர்ட் சொல்லுங்க மாமா."

ரெண்டு நிமிஷம் மழைல நின்னேன்.

வெளிச் சுவரை அன்னிக்கே அடைச்சாச்சு, டிஎன்டி உடைக்கிற பிளாக் 1.14 வெர்ஷன்லருந்து முழுசா கீழ விழும், அதனால காபிள் அங்கயே கிடந்துச்சு, பொறுக்கி திரும்ப வெச்சதுதான், பதினஞ்சு நிமிஷ வேலை. உச்சில சுத்தி இருக்கிற அந்த 32 கட்டம் இன்னும் வெறும் தண்ணிதான், மேல் காபிளை உடைச்சுட்டு யாராவது மணல் கொட்டினா அங்க ஒரு ஓட்டை இருக்கு, அதுக்கு இன்னும் ஒண்ணும் பண்ணல. விதர்ங்கற மூணு தலை ராட்சசன் வந்தா இது எதுவும் நிக்காது, அது அடி வாங்கினா மோதற இடத்துல ஆப்சிடியனையே பேத்துட்டுப் போகும், அதனால விதரை இந்த ஊர்ப் பக்கமே கூப்பிடறதில்லன்னு ரெண்டு பேரும் பேசி வெச்சிருக்கோம்.

அப்புறம் கிரீப்பர். அந்த உருவமே ஒரு தப்புல பொறந்தது தெரியுமா, கேமை உருவாக்கின மார்கஸ் பெர்சன் பன்னி பண்ணப் போய் உயரத்தையும் நீளத்தையும் மாத்திப் போட்டதுல வந்ததுதான் அது. டிராயிங்ல எக்ஸ், ஒய் மாத்திப் போட்ட ஆளுங்களை நானும் நிறைய பாத்திருக்கேன், ஆனா யாரும் அதை வெடிக்க வெச்சதில்ல. பூனை இருந்தா கிரீப்பர் கிட்டயே வராதுன்னு அக்கா பொண்ணு பச்சை மீன் போட்டு ஒரு கருப்புப் பூனையைப் பழக்கி உள்ள கொண்டு வந்து விட்டா. நல்ல யோசனைதான். என்ன, அது பெட்டி மேல ஏறி உக்காந்துக்குது. பூனை உக்காந்திருந்தா பெட்டி திறக்காது. 81 பக்கெட் லாவா, 11 டிஎன்டி டெஸ்ட், எல்லாம் முடிஞ்சு ஒரு வைரம் எடுக்கணும்னு நேத்து உள்ள போனேன், அது என்னைப் பாத்து கண்ணை மூடிகிச்சு. எழுந்திருக்கற வரைக்கும் ஏணிலயே நின்னுட்டு இருந்தேன்.